அக்கா விட்டுவைத்த இடம்

மனிதகுலம் செய்த தவறுகளிலேயே மிகப் பெரியது ஹார்ட் டிஸ்க்கின் இடத்தைத் துண்டு போட்டதுதான் என்பது மந்திரி என்ற பட்டப்பெயர்க்காரனின் கண்டுபிடிப்பு. போர்களைப் பற்றி அவனுக்குத் தெரியாமல் இல்லை; அவற்றையும் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் சொன்னான். கல்யாண வரவேற்புகளில் சொன்னான். பல் மருத்துவரிடம் வாயைப் பிளந்தபடி சொன்னான். அவருக்குப் புரியவில்லை, தலையாட்டினார், உடனே அவரையும் தன் கட்சியில் சேர்த்துக்கொண்டான். ஒரு டிஸ்க், ஒரே துண்டு, விளிம்புவரை நிரப்பு; காலி இடம் விடுகிறவன் வாழப் பயந்தவன். அவனுடைய கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்குள் ஒருவர் நுழைய வேண்டுமானால் உள்ளே இருக்கும் ஒருவர் வெளியே வர வேண்டும். அதைத் தன் கொள்கையின் வெற்றி என்று அவன் கருதினான்.

அந்தக் கொள்கையின் நிறுவனர், தலைவர் மற்றும் ஒரே உறுப்பினர், இப்போது அக்கா வீட்டுக் கூடத்தில் கம்ப்யூட்டர் மேசைக்கு அடியில் முழந்தாளிட்டு ஒரு பிளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தான். அக்கா காலையில் ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். அவளைக் கொண்டுவரும் வண்டி கிளம்பிவிட்டது. மேசை இருக்கும் இடத்தில்தான் அவளைக் கிடத்த வேண்டும் என்று பெரியப்பா முடிவு செய்திருந்தார்.

"புடுங்குடா. வண்டி வந்துரும்."

பெரியப்பா ஓய்வுபெற்ற போக்குவரத்துக் காவலர். அவர் எந்த அறையில் நின்றாலும் அது நாற்சந்தியாகிவிடும். வாடகை நாற்காலிகளை ஒரு கையால் வரச் சொல்லிக்கொண்டே, செருப்புகளை இன்னொரு கையால் நிறுத்திக்கொண்டிருந்தார்.

"சும்மா புடுங்கக் கூடாது பெரியப்பா. முறையா அணைக்கணும்."

"சாவு வீட்ல பொட்டிக்கு என்னடா முறை?"

மந்திரி வெளியே ஊர்ந்து வந்தான். அணைப்பதற்காகத்தான் மவுஸை அசைத்தான். திரை விழித்துக்கொண்டது.

அதில் ஒரு பட்டை மெதுவாக நிறைந்துகொண்டிருந்தது. இணைப்பு: தொண்ணூற்றொரு சதவீதம். பக்கத்தில் அக்கா எப்போதும் திறந்துவைத்திருக்கும் சிறிய சன்னல். அதில் இரண்டு கோடுகள். ஒன்று மெமரி. அது உச்சியைத் தொட்டு, தொட்ட இடத்திலேயே படுத்துக் கிடந்தது. இன்னொன்று ஸ்வாப், மெமரியில் நிரம்பி வழிவதை வாங்கிக்கொள்ள டிஸ்க்கில் ஒதுக்கிய இடம். அது ஏறிக்கொண்டிருந்தது.

மந்திரி திரைக்கு அருகில் குனிந்தான்.

"இது இன்னும் ஓடிட்டிருக்கு" என்றான். யாரிடம் சொன்னான் என்று அவனுக்கே தெரியவில்லை.

அக்கா ஒரு பூச்சி ஆராய்ச்சிக் கூடத்தில் புகைப்படம் எடுப்பவள். போன மழைக்காலத்தில் ஒரு அந்துப்பூச்சி அவள் சமையலறைக்குள் வந்து, ராத்திரி பூராவும் டியூப் லைட்டைச் சுற்றிவிட்டு, விடிந்தபோது கேஸ் சிலிண்டரின் தலையில் செத்துக் கிடந்தது. புழுதி நிறம். யாரும் துடைத்துப் போட்டிருப்பார்கள். அக்கா அதை ஒரு மாத்திரை டப்பாவில் வைத்து ஆராய்ச்சிக் கூடத்துக்குக் கொண்டுபோனாள். வேலை முடிந்ததும் எல்லோரும் வீட்டுக்குக் கிளம்ப, அவள் மட்டும் நுண்ணோக்கியின் முன்னால் உட்கார்ந்து அதன் இடது இறக்கையைத் துணுக்குத் துணுக்காகப் படம் எடுத்தாள். ஒவ்வொரு துணுக்கும் குண்டூசித் தலையைவிடச் சிறியது. அப்படி ஆயிரக்கணக்கில். எல்லாவற்றையும் இணைத்து ஒரே படமாக ஆக்க வேண்டும், ஆக்கி ஒருமுறை பார்க்க வேண்டும் என்பதுதான் அவளுடைய ஆசை. வேறு எதையும் ஆசைப்பட்டதாக மந்திரிக்கு நினைவில்லை.

சிக்கல் என்னவென்றால், பழுப்போடு பழுப்பைச் சேர்க்க கம்ப்யூட்டருக்குத் தெரியாது. எந்தத் துணுக்கு எதன் பக்கத்தில் என்று அக்காதான் புள்ளி வைத்தாள், ஒவ்வொன்றாக, கண்ணைச் சுருக்கிக்கொண்டு. இணைக்கும் மென்பொருளை எழுதியவன் அந்த ஆராய்ச்சிக் கூடத்தில் படித்த ஒரு மாணவன். அதிபுத்திசாலி. இடையில் சேமித்துக்கொள்ள ஒரு பொத்தான் வைக்க மட்டும் மறந்துவிட்டு, பட்டம் வாங்கிக்கொண்டு போய்விட்டான். வேலை முழுதாக முடிந்தால் படம் டிஸ்க்கில் இறங்கும். நடுவில் நின்றால் அக்கா வைத்த புள்ளிகள் அத்தனையும் போகும். மறுபடி வைக்க அவள் இல்லை. மறுபடி எடுக்க இறக்கையும் இல்லை. கடைசித் துணுக்கை எடுத்துவிட்டுத் திருப்பியபோது அது பொடியாகிவிட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து அவள் மந்திரியிடம் போனில் பேசியதும் இதைப் பற்றித்தான்.

"மந்திரி, பொட்டி ஓடிட்டிருக்கு. யாரும் கைவைக்காம பாத்துக்கோ."

"ஓடாதுக்கா. உன் மெமரி பத்தாது."

"அதுக்குத்தானே ஸ்வாப் விட்டிருக்கேன்."

"ஸ்வாப்ங்கறது மறதிக்காரன் கைக்குட்டையில போடற முடிச்சு. ரெண்டு மடங்கு ஸ்வாப் வெக்கற ஆளுங்கள்லாம் இப்ப மியூசியத்துல இருக்காங்க."

"சரி, மியூசியத்துக்கு டிக்கெட் வாங்கிட்டு வந்து என்னப் பாரு" என்று சொல்லிவிட்டு அக்கா வைத்துவிட்டாள். அவள் கடைசியாக அவனிடம் சொன்னது அதுதான். சாகப் போகிறவர்கள் கொஞ்சம் யோசித்துப் பேசலாம் என்று மந்திரிக்குத் தோன்றியது.

"என்னடா நிக்கற?" என்றார் பெரியப்பா. "ஒரு பொட்டிய அணைக்க இவ்ளோ நேரமா? இதுல கடை வேற வெச்சிருக்கான்."

வாசலில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்த அத்தான் உள்ளே வந்தார். அக்காவின் கணவர். லிஃப்ட் மெக்கானிக். காலையிலிருந்து அவர் பேசிய சொற்களை ஒரு தீப்பெட்டியின் முதுகில் எழுதிவிடலாம். திரையைப் பார்த்தார். மந்திரியைப் பார்த்தார்.

"அவ விட்டுட்டுப் போனதா?"

"ஆமா அத்தான்."

"ஓடுதா?"

"ஓடுது. ஆனா மேசைய நகத்தணுமாம். பிளக்க எடுத்தா…"

"உள்ள ஆள் இருக்கறப்ப மெயின அணைக்க மாட்டோம்" என்றார் அத்தான்.

அது லிஃப்ட் வேலையின் விதி. எல்லோருக்கும் தெரிந்த விதி. அவர் அதைச் சொன்னதும் பெரியப்பாவின் நீட்டிய கை தானாக இறங்கியது.

மேசைக்கு அடியில் யூபிஎஸ் ஒன்று இருந்தது. கரண்ட் போனால் கொஞ்ச நேரம் தாங்கும். அதையும் மேசைமேல் ஏற்றி, பெட்டி, திரை, யூபிஎஸ் எல்லாவற்றோடும், ஓடுகிற நிலையிலேயே படுக்கையறைக்குத் தூக்கிப் போய்விடுவது என்று முடிவாயிற்று. நான்கு கால், நான்கு பேர். அத்தான், மந்திரி, எதிர்வீட்டுத் தையல்காரர், நாற்காலி இறக்க வந்தவர். 'நான் எடுன்னாதான் எடுக்கணும், வெய்யின்னாதான் வெக்கணும்' என்றார் அத்தான். சுவரிலிருந்து பிளக்கை உருவியதும் யூபிஎஸ் அழ ஆரம்பித்தது. பீப். பீப்.

"எடு."

மேசை எழுந்தது. நான்கு பேரும் தோளளவுக்குத் தூக்கவில்லை, இடுப்பளவுதான். ஆனாலும் அது வந்துகொண்டிருந்த விதத்தைப் பார்த்துவிட்டு, கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். ஒருவர் தொப்பியைக் கழற்றினார். பெரியப்பா கை காட்டி வழிவிடச் செய்தார். திரையில் அந்தப் பட்டை அசங்காமல் ஒளிர்ந்தது. பீப், பீப் என்ற சத்தத்துக்கு ஏற்ப எல்லோருடைய காலடியும் தானாக ஒன்றுசேர்ந்தது. மூலையில் இருந்த ஒரு அம்மாள் என்னவென்று கேட்காமலே அழத் தொடங்கினாள். விஷயம் தெரிந்திருந்தாலும் நிறுத்தியிருக்க மாட்டாள்.

படுக்கையறை நிலைப்படியில் தையல்காரர் தடுமாறினார்.

"மெல்ல" என்றார் அத்தான். "தூக்கம் கலையாம."

வைத்தார்கள். மந்திரி பிளக்கைச் சொருகினான். யூபிஎஸ் அழுகையை நிறுத்தியது. மற்ற மூவரும் வெளியே போனார்கள். தையல்காரர் மட்டும் வாசலில் நின்று, "இதுல என்னங்க இருக்கு?" என்றார் கிசுகிசுப்பாக.

"ஒரு பூச்சிங்க."

தையல்காரர் பெட்டியை மரியாதையாக ஒருமுறை பார்த்துவிட்டுப் போனார்.

மந்திரி கதவைச் சாத்திவிட்டு அந்தச் சிறிய சன்னலைப் பார்த்தான். தொண்ணூற்றிரண்டு சதவீதம். ஸ்வாப் கோடு உச்சிக்கு ஒரு நகக்கண் அளவு கீழே இருந்தது. பெட்டிக்குள் டிஸ்க் விடாமல் கறுக் கறுக்கென்று மென்றுகொண்டிருந்தது.

இந்தப் பெட்டியை வாங்கிய அன்றைக்கு மந்திரிதான் வந்து எல்லாம் போட்டுக் கொடுத்தான். டிஸ்க்கை ஒரே துண்டாக வைக்கலாம் என்று அவன் வாயைத் திறப்பதற்குள் அக்கா துண்டு போட்டுவிட்டாள். கம்ப்யூட்டர் தனக்கென்று வைத்துக்கொள்ள ஒன்றிரண்டு, ஸ்வாப்புக்கு மெமரியைப் போல இரண்டு மடங்கு, படங்களுக்குப் பெரிதாக ஒன்று. ஸ்வாப் என்றால் என்ன என்று அத்தான் கேட்டார். "மேசைமேல இடம் பத்தலன்னா பாதிய எடுத்து பீரோத் தட்டுல வெச்சுக்கறோம்ல, வேணுங்கறப்ப எடுத்துக்கறோம்ல, அந்தத் தட்டு" என்றாள் அக்கா. அத்தானுக்குப் புரிந்துவிட்டது. மந்திரிக்கு அதற்கு மேல்தான் புரியாமல் போயிற்று, ஏனென்றால் கடைசியில் இன்னொரு பெரிய துண்டு வெள்ளையாக மிச்சம் இருந்தது. அக்கா அதற்கு ஒரு பெயரும் வைத்திருந்தாள்: சும்மா.

"சும்மாவா? இது என்ன பேரு? இது எதுக்கு?"

"சும்மா."

"பேர கேக்கலக்கா. காரணத்த கேக்கறேன்."

"காரணமும் அதான்."

"காசு குடுத்து வாங்கின இடத்த யாராவது சும்மா விடுவாங்களா?"

"ஏதாவது வந்தா வெக்க வேணாமா?"

"என்ன வரும்?"

"தெரிஞ்சிருந்தா அது பேர எழுதியிருப்பேனே" என்றாள்.

அவள் அப்படித்தான். ஃபிரிட்ஜில் மேல்தட்டு எப்போதும் காலி. ஊருக்குப் போனால் பெட்டியில் ஒரு ஓரம் காலி. சாப்பாட்டு மேசையில் ஒரு நாற்காலி அதிகம். பேச்சில்கூட, ஒருவர் பேசி முடித்த பிறகு கொஞ்சம் இடம் விட்டுத்தான் அவள் ஆரம்பிப்பாள். அந்த இடத்தில் மந்திரி இரண்டு உரை நிகழ்த்திவிடுவான். பள்ளிக்கூடத்தில் அவன் தண்ணீர் கேட்கவே ஒரு அறிக்கை வாசித்ததைப் பார்த்து மந்திரி என்று பெயர் வைத்தவளும் அவள்தான்.

கோடு அரை நகக்கண் ஏறியது.

மெமரியும் நிரம்பி ஸ்வாப்பும் நிரம்பினால் இந்த மாதிரி இயந்திரங்கள் யாரிடமும் யோசனை கேட்பதில்லை. உள்ளே ஓடுகிறவற்றில் எது அதிக இடத்தை அடைத்திருக்கிறதோ, அதைக் கொன்றுவிட்டு மூச்சு விட்டுக்கொள்ளும். அதைச் செய்கிற பகுதிக்குக் கொலையாளி என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். மந்திரி வாடிக்கையாளர்களிடம் இதை ரசித்துச் சொல்வான். இன்றைக்கு அந்தச் சொல் நினைவுக்கு வந்ததும் அதைத் தள்ளிவிட்டான்.

வெளியே தெருவில் வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. பின்கதவு திறந்தது. கூடத்தில் அதுவரை அடங்கியிருந்த குரல்கள் எல்லாம் ஒரே சமயத்தில் எழுந்தன.

மந்திரி கதவை நோக்கி ஓரடி வைத்தான். திரும்பினான். உட்கார்ந்தான்.

அவனிடம் இருந்தது ஒரே வழி. அந்த வெள்ளைத் துண்டை ஸ்வாப்பாக மாற்றி, ஓடுகிற ஓட்டத்திலேயே சேர்த்துவிடுவது. கட்டளைகளைத் தட்டும் கறுப்புச் சன்னலைத் திறந்தான். இயந்திரத்துக்கு மூச்சு முட்டிக்கொண்டிருந்தது. தட்டிய எழுத்து திரைக்கு வந்துசேர நேரமாயிற்று. கடவுச்சொல் கேட்டது. அன்றைக்கு அவன் போட்டுக் கொடுத்தது, அவனுடைய பட்டப்பெயர்தான். 'தற்காலிகமா வெச்சிருக்கேன், ராத்திரிக்குள்ள மாத்திடு' என்று சொல்லியிருந்தான். மாற்றியிருப்பாள். மாற்றாதவர்கள் முட்டாள்கள் என்று அவன் அவளிடமே சொல்லியிருக்கிறான்.

மந்திரி என்று தட்டினான். திரை யோசித்தது. உள்ளே விட்டது.

அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு டிஸ்க்கின் துண்டுகளை வரிசையாகக் காட்டச் சொன்னான். நான்காவது, படங்கள். ஐந்தாவது, சும்மா. ஒரு எண் மாறினால் அக்கா எடுத்த அத்தனை படமும் துடைக்கப்பட்டுவிடும். கடையில் ஒரு கையில் டீயைப் பிடித்துக்கொண்டு மறு கையால் செய்கிற வேலை இது. இப்போது நான்கிலிருந்து ஐந்துக்குப் போக விரல் வரவில்லை.

"மந்திரி எங்க? தம்பி எங்கடா?" பெரியப்பாவின் குரல். "அக்கா வந்துட்டாடா!"

"வரேன்!"

துடைப்பதற்கு முன்னால் அந்தத் துண்டைத் திறந்து பார்த்தான். அவசரத்தில் அது தேவையில்லாத வேலை, ஆனாலும் பார்த்தான். பெயருக்குத்தான் சும்மா என்று வைத்திருப்பாள், உள்ளே ஏதாவது இருக்கும் என்று அவனுக்கு எப்போதும் ஒரு சந்தேகம். மறைத்து வைத்த கோப்புகளையும் காட்டச் சொன்னான்.

ஒன்றுமில்லை.

மந்திரியின் தொழிலில் காலி என்று சொல்லி ஆயிரம் டிஸ்க் வந்திருக்கிறது. எதுவும் காலியாக இருந்ததில்லை. ஒரு பாதிப் பாட்டு, யாரோ ஒருவருடைய பிறந்தநாள் கேக், விண்ணப்பப் புகைப்படத்தில் வெட்டுப்பட்ட ஒரு காது, ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கும். இதில் எதுவும் இல்லை. அந்தத் துண்டு இத்தனை வருடமும் அவ்வளவு அகலமாக, ஒரு தடம்கூடப் படாமல், யாருக்கு என்று தெரியாத ஒன்றுக்காகக் கிடந்திருக்கிறது. மெய்யாகவே சும்மா. வீட்டுக்குள் ஒரு கதவைத் திறந்தால் அந்தப் பக்கம் வானம் இருந்தது போல இருந்தது.

ஐந்து என்று தட்டினான். மறுபடி வரிசையைப் பார்த்தான். ஐந்துதான். எண்டரை அமுக்கினான். அடுத்த வரி. மறுபடி எண்டர்.

ஸ்வாப் கோடு உச்சியிலிருந்து பாதிக்கு இறங்கி, அங்கிருந்து நிதானமாக மறுபடி ஏறத் தொடங்கியது. தலைக்கு மேல் அவ்வளவு இடம். தொண்ணூற்றிரண்டு, தொண்ணூற்று மூன்று ஆயிற்று.

அவன் எழுந்து ஓடினான். அத்தான் ஸ்ட்ரெச்சரின் கால் பக்கம் பிடித்திருந்தார். தலைப் பக்கத்தில் ஒரு ஓரம் மட்டும் யாரும் பிடிக்காமல் இருந்தது. மந்திரி அதைப் பிடித்துக்கொண்டான்.

அக்காவை மேசை இருந்த இடத்தில் கிடத்தினார்கள்.

பிற்பகல் முழுவதும் ஆட்கள் வந்தார்கள். கொண்டுவந்த ரொட்டியையும் பழத்தையும் யாரோ ஃபிரிட்ஜில் அடுக்கினார்கள். மேல்தட்டு முதலில் நிறைந்தது, ஏனென்றால் அதுதான் காலியாக இருந்தது. பூச்சி ஆராய்ச்சிக் கூடத்துத் தலைவர் வந்து, அக்கா எல்லோருக்கும் ஒரு முன்னுதாரணம் என்றார். எதற்கு என்று சொல்லவில்லை. பெரியப்பா அவரை ஒரு நாற்காலியில் கொண்டு நிறுத்தினார்.

மந்திரி அக்காவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தான். அவள் முகத்தில் எதுவும் நடக்கவில்லை. பேச்சுக்கு நடுவில் அவள் விடும் அந்த இடத்தைப் போலவே இருந்தது. அவன் தன்னையறியாமல் காத்திருந்தான். ஆட்களின் சத்தம் ஓயும்போதெல்லாம் அவள் தலைக்குப் பின்னால் இருந்த சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து மெல்லக் கேட்டது: கறுக், கறுக். துணுக்கோடு துணுக்கு. அவள் வைத்த புள்ளிகள் ஒவ்வொன்றாக அங்கே இடம் மாறிக்கொண்டிருந்தன, பீரோவிலிருந்து மேசைக்கு, மேசையிலிருந்து பீரோவுக்கு. அவளுடைய கை இங்கே துணிக்கு மேல் இருந்தது. அந்தக் கை செய்த வேலை அங்கே நடந்துகொண்டிருந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு செங்கல் கனம்.

"என்ன சத்தம் அது?" என்றார் பக்கத்தில் இருந்த ஒருவர். "எலியா?"

மந்திரி பதில் சொல்லவில்லை. அவனைத் தெரிந்தவர்கள் அதைக் கவனித்து, பாவம், ரொம்ப உடைஞ்சு போயிட்டான் என்று பேசிக்கொண்டார்கள்.

அத்தான் மட்டும் இடையில் ஒருமுறை அருகில் வந்து குனிந்தார். "எந்த மாடி?"

"தொண்ணூத்தி ஆறு."

தலையாட்டிவிட்டுத் திரும்பிப் போனார்.

வெயில் சாய்வதற்குள் எடுத்துப் போனார்கள். மந்திரியும் போனான். வழியெல்லாம் அவனுக்கு அக்கா முன்னால் போவதாகவும் இருந்தது, வீட்டில் உட்கார்ந்து கண்ணைச் சுருக்கிக்கொண்டு வேலை செய்வதாகவும் இருந்தது. இரண்டும் சரியாகவே பட்டது.

திரும்பி வந்தபோது கூடத்தில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அத்தானும் மந்திரியும் கை கால் கழுவிக்கொண்டு, ஒருவரை ஒருவர் பார்க்காமல், ஒன்றாகப் படுக்கையறைக்குப் போனார்கள். கறுக் கறுக் சத்தம் இல்லை. மந்திரி விரைந்து பெட்டியின் முன்னால் உட்கார்ந்தான்.

மவுஸை அசைத்தான். பட்டை முழுதாக நிறைந்திருந்தது. அதன் கீழே ஒரு கேள்வி காத்திருந்தது. படத்தைச் சுற்றி நிறைய காலி இடம் இருக்கிறது. வெட்டிவிட்டுச் சேமிக்கவா, அப்படியே சேமிக்கவா?

"என்னவாம்?" என்றார் அத்தான்.

"காலி ஓரத்த வெட்டவான்னு கேக்குது."

"நீ வெட்டணும்னுதானே சொல்லுவே."

மந்திரி 'அப்படியே' என்பதை அமுக்கினான். டிஸ்க்கின் விளக்கு நெடுநேரம் எரிந்தது. அணைந்தது. படம் திறந்தது.

கறுத்த ஒரு பெருவெளியின் நடுவில் ஒரு பழுப்பு இறக்கை. முதல் பார்வைக்குச் சிலிண்டர்மேல் கிடந்த அதே பூச்சிதான். மந்திரி மவுஸின் சக்கரத்தை உருட்டினான். பழுப்பு பிரிந்து பட்டைகளாயிற்று. உழுது போட்ட நிலத்தை மலையிலிருந்து பார்ப்பது போல. இன்னும் உருட்டினான். பட்டைகள் பிரிந்து ஓடுகளாயின. ஒன்றின்மேல் ஒன்று அடுக்கிய ஓடுகள், கண்ணுக்கெட்டியவரை, ஒரு ஊர் முழுவதற்கும் வேய்ந்தது போல. ஒவ்வொரு ஓட்டிலும் சீப்புப் பல் போன்ற வரிகள். வரிக்கும் வரிக்கும் நடுவில் வரிசையாகச் சன்னல்கள். சில ஓடுகள் பழுப்பே இல்லை. நீலம், செம்பு, பெயரில்லாத ஒரு பச்சை. எந்தத் துணுக்கு எங்கே முடிந்தது என்று தேடினான். ஒரு இணைப்புகூடத் தெரியவில்லை.

"இது நம்ம அடுக்களையில இருந்ததா?" என்றார் அத்தான்.

"ம்."

"நான் அத விளக்குமாத்தால தள்ளப் போனேன்."

மந்திரி நகர்த்திக்கொண்டே போனான். ஒரு ஊரைத் தாண்டி இன்னொரு ஊர். ஓரிடத்தில் ஓடுகளின்மேல் குறுக்காக ஒரு நீலக் கயிறு கிடந்தது. அடிமரத்தின் கனம், முறுக்கேறியது, ஆற்றைப் போல வளைந்து ஒரு சரிவில் இறங்கிப் போயிற்று. பூச்சிக்குச் சொந்தமானதில்லை.

"இது என்னது?"

அத்தான் திரைக்கு அருகில் குனிந்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு விரலை நீட்டி, தொடாமல், அதன் போக்கிலேயே கொண்டுபோனார்.

"அவ வேலைக்குப் போட்டுக்கற கோட்டு. கைப்பக்கம் நூல் பிரிஞ்சிட்டே இருக்கும்" என்றார். "எதிர்வீட்ல குடுத்துத் தெச்சுக்கோன்னு சொல்லிட்டே இருந்தேன்."

இருவரும் அந்தக் கயிற்றின் கரையில் நின்றுகொண்டிருந்தார்கள். யாரும் சக்கரத்தைத் தொடவில்லை.

"படத்த எனக்கு ஒரு காப்பி எடுத்துக்கறேன் அத்தான்" என்றான் மந்திரி கடைசியில்.

"எடுத்துக்கோ. நான் டீ போடறேன்." அத்தான் அடுக்களைக்குப் போனார். ஃபிரிட்ஜ் திறக்கும் சத்தமும், மேல்தட்டிலிருந்து ஏதோ ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைக்கும் சத்தமும் கேட்டது.

மந்திரி தன் லேப்டாப்பைத் திறந்தான். புகழ்பெற்ற லேப்டாப் அது. ஒரே துண்டு, விளிம்புவரை நிரம்பியது. வாடிக்கையாளர்களுக்கு எடுத்துக்காட்டாகக் காட்டுவது. அக்காவின் படத்தை இழுத்துப் போட்டான். இடம் இல்லை என்றது. அதனிடம் அந்தச் சொல்லை அவன் எதிர்பார்த்திருக்க வேண்டும். ஆனாலும் கன்னத்தில் பட்டது போல இருந்தது.

அழிக்க ஆரம்பித்தான். இரண்டு முறை பார்த்த சினிமாக்கள். பார்க்கவே போகாத சினிமாக்கள். காப்பிக்கு எடுத்த காப்பிகள். வியாபாரிகள் சங்கத்தில் 'காலி இடம் ஒரு கோழைத்தனம்' என்ற தலைப்பில் அவன் ஆற்றிய உரையின் வீடியோ இருந்தது. பத்திரமாக இருக்கட்டும் என்று மூன்று இடத்தில் வைத்திருந்தான். மூன்றையும் அழித்தான்.

படம் இறங்கியது. இறங்கிய பிறகும் கொஞ்சம் இடம் மிஞ்சியிருந்தது.

மந்திரி அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிறகு டிஸ்க்கைத் துண்டு போடும் கருவியைத் திறந்தான். அவனுடைய டிஸ்க் ஒரு நீண்ட, ஒட்டுப்போடாத பட்டையாகத் திரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நின்றது. அதன் வலது விளிம்பைப் பிடித்து, சுருக்கி, மெல்ல உள்ளே தள்ளினான். அங்கே வெள்ளையாக ஒரு துண்டு திறந்தது. அது என்னத்துக்கு என்று கருவி கேட்கவில்லை. பெயர் என்ன என்று மட்டும் கேட்டது.

அடுக்களையில் அத்தான் டீ ஆற்றும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. மந்திரி கழுத்தைத் திருப்பி, பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டான். பிறகு மூன்று எழுத்துகளைத் தட்டினான்.